உருளவள்ளி உழைப்பாளர்க்கு நாம் பட்ட கடன்

சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் ஒருங்கே விளைகின்றன. இத்தோட்டங்களை உழைத்து உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றைப் பாடசாலை மாணவர் கற்றல் வேண்டும் என்பார் பலர். அவ்வரலாற்றை நமக்கு வழங்கியோர் யாவர் என எண்ணுவார் சிலரே.

வழங்கியோருள் முதற்கண் நினைக்கத்தக்கவர் கோ. நடேசய்யர். ‘தேசபக்தன்’ இதழை நடத்திய அவர், 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சம்மேளனம் கண்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டினால் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியை ஆய்ந்து 1972இல் நூலாக்கினார். இவர்தம் பணி ஏட்டில் உள்ளது. ஏடு எழுதாமலே வரலாறு தந்தோரும் உளர். கேகாலை மாவட்டம் உந்துகொடையை அடுத்த நேவ்ஸ்மியர் தோட்டத் தொழிலாளர் அத்தகையோர். தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டத்தை உருளவள்ளி என வழங்கினர்.

அத்தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்திற்கெனக் கையேற்றது. அயற்கிராமத்துச் சிங்கள உழவரின் நிலப்பசி பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் வழி மேட்டுநிலங்கள் பெருந்தோட்டங்களாகிவிட்டமையால், அவர்தம் மக்களுக்கு நிலம் குறுகியது. ஆயினும் ஒரு சாரார்க்கு நிலம் அளித்தற்பொருட்டு, அந்நிலத்தையே பண்படுத்திய மற்றொரு சாரார் வெளியேறப் பணிக்கப்பட்டனர். லயன் அறையன்றி வேறு இல்லம் அறியாத அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946 ஜூன் மாதத்தில் அவர்க்கு ஆதரவாகப் பிற தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

தங்கியிருந்தோர்மீது குற்ற அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. சின்னசாமி செல்வநாயகம் என்னும் தொழிலாளியின் பெயரால் அமைந்த வழக்கு, கடல் கடந்து இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1950இல் தொழிலாளர்க்குச் சார்பாக முடிந்தது. உரிமை உண்டென நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பவன், அந்நம்பிக்கை சட்டத்தில் நிலைபெறாததாயினும், பிறர்க்கு எரிச்சல் விளையும் என முன்னறிந்தமையாலேயே குற்றவாளி ஆகான் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1960களில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே குற்றத்தை ஆராய்ந்தபோது இத்தீர்ப்பைக் கருத்திற் கொண்டது. எழுத்தறிவு பெரிதும் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் உழைப்பாளி, இரு நாடுகளின் சட்ட ஏடுகளில் நிலையாக இடம்பெற்றார்.

ஆயினும் வெற்றி முழுமையன்று. தீர்ப்புக்கு இரண்டாண்டு முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியிருந்தது. வீட்டைத் தமதென எண்ணியமை குற்றமன்று எனக் கொள்ளப்பட்ட காலத்தில், நாட்டைத் தமதெனச் சொல்லும் உரிமை அவர்க்கு இல்லை. அக்குறை சட்டத்தளவில் பெரிதும் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டமாணவர் செல்வநாயகத்தின் பெயரை அறிவர். தோட்டப் பாடசாலை மாணவரும் அதனை அறிதல் வேண்டும். அதனோடு அமையாது, ஒவ்வொரு பாடசாலையும் தன் தோட்டத்து முதியோர் கூறுவனவற்றை, கூறியவர் இசைவு பெற்று, பெயரும் நாளும் குறித்து எழுதி வைத்தல் தகும். வரலாறு தந்தோர்க்கு நன்றி கூறும் முறை அவர் தந்ததைப் பேணுதலேயாம். முதியோர் மறைய மறைய அப்பணிக்குரிய காலமும் குறுகுகின்றது.