இருபத்தைந்து சுற்று

10,000 மீட்டர் ஓட்டம் என்றால் 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. டிவியில் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு அலுப்பான போட்டி வேறில்லை. நூறு மீட்டர் ஓட்டம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதுவோ அரை மணி நேரம் செக்குமாடு மாதிரி. பேரன் ரிமோட்டைப் பிடுங்கிவிடுவான். எனக்கு என்னவோ இதுதான் பிடிக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் காலம் தள்ளியவன் நான். நைட் ஷிஃப்டில் எது கஷ்டமான நேரம் என்று கேட்டால், புதிதாக வந்த பையன்கள் கடைசி ஒரு மணி நேரம் என்பார்கள். கிடையாது. விடியற்காலை மூன்று மணிதான். வரும்போது இருந்த தெம்பு தீர்ந்திருக்கும், வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பும் இன்னும் வந்திருக்காது. நீண்ட தூரம் ஓடுகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். முதல் சில சுற்றுகளை உற்சாகம் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்துவிட்டால் கால் தானாக ஓடும். நடுவில் 15, 16, 17 என்று போகிறதே, அங்கேதான் மனசு பேரம் பேசத் தொடங்கும்.

1964 அக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக். அன்றைய 10,000 மீட்டர் பந்தயம் அமெரிக்காவின் பில்லி மில்ஸால் பெயர்பெற்றது. லக்கோட்டா பூர்வகுடியைச் சேர்ந்த அவரை யாரும் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க்கைக் கடைசி நேரத்தில் தாண்டி, 28 நிமிடம் 24.4 விநாடியில் தங்கம் வாங்கினார். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதே பந்தயத்தில் கடைசியாக வந்தவரைப் பற்றி.

இலங்கை ராணுவத்தைச் சேர்ந்த கருணானந்த. மார்பில் 67ஆம் எண். அன்று ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர். அதில் 9 பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை, ஒலிம்பிக்கில் அது சகஜம். கருணானந்தவும் விலகியிருக்கலாம். உடம்பு வேறு சரியில்லை என்கிறார்கள். மற்றவர்கள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவர் எல்லைக்கோட்டைக் கடந்தும் நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார். கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. சிரித்தார்களாம், கேலி செய்தார்களாம். அடுத்த முறை வந்தபோது சத்தம் அடங்கியது. அதற்கப்புறம் மைதானமே எழுந்து கைதட்டியது. தங்கம் வாங்கியவர் ஓடி முடித்துச் சுமார் ஆறு நிமிடம் கழித்துத்தான் இவர் முடித்தார்.

அந்த ஆறு நிமிடத்தைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதக்கமில்லை, சாதனை இல்லை, முந்துவதற்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லை. ஓடத்தான் வந்தேன், ஓடி முடித்தேன் என்ற அளவில்தான் அவருடைய பதிலும் இருந்ததாகச் சொல்வார்கள். ஜப்பான்காரர்கள் இந்தக் கதையைப் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே வைத்தார்கள். யுத்தத்தில் எல்லாம் போய் எழுந்து நின்ற ஜனங்கள், அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் அந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது.

இனி நம்ம ஊர்க்காரர் ஒருவர். புதுக்கோட்டை கோ. லட்சுமணன். 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். 2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அதே 25 சுற்று. 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். 1998இல் குலாப் சந்த் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் பிரிவில் இந்தத் தூரத்தில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. இருபது வருஷம்!

சந்தோஷம் நிலைக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே அவர் கால் உள்கோட்டைத் தாண்டிப் பட்டுவிட்டது என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். இந்தியத் தரப்பு முறையிட்டும் எடுபடவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது. விதி விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கும் பின்னால் வந்தவருக்கும் இடைவெளி இருபது விநாடிக்கு மேல். ஓர் எட்டு உள்ளே வைத்ததில் என்ன லாபம் கிடைத்திருக்கும் என்று என் மனசு இன்னமும் வாதாடுகிறது.

கருணானந்தவுக்காவது ஓடும்போதே தெரியும், தனக்கு எதுவும் கிடைக்காது என்று. இவருக்குக் கையில் கொடுத்துப் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஓர் ஆள் அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் சில நாட்களிலேயே அதே ஜகார்த்தா மைதானத்தில் 5,000 மீட்டர் இறுதிப் போட்டி இருந்தது, பன்னிரண்டரைச் சுற்று. லட்சுமணன் வந்து கோட்டில் நின்றார். ஓடினார். ஆறாவதாக முடித்தார்.