இரண்டு சட்டங்களுக்கு நடுவே: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கருக்கலைப்பு உரிமையின் வரலாறு

கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டு வரையிலும், கருவில் அசைவு தெரிந்தபின் கலைத்தால் 7 ஆண்டு வரையிலும் சிறை என்றது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காக்கச் செய்வதற்கு மட்டுமே விலக்கு இருந்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். சட்டம் அச்சுறுத்தியதால் கலைப்பு நிற்கவில்லை, மறைவிடத்துக்குப் போனது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்குத் தமிழகக் கிராமங்களில் கிடைத்த வழிகளில் ஒன்று எருக்கங்குச்சி. அது கருப்பையைக் கிழித்தது, சீழ் வைத்தது, பல உயிர்களையும் குடித்தது.

1920களின் இறுதியிலேயே சுயமரியாதை இயக்கம் கர்ப்பத்தடையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. மற்றவர்கள் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணம் காட்டியபோது, பெரியார் பெண்ணின் விடுதலையையே காரணமாக முன்வைத்தார். அவர் பேசியது கருத்தரிப்பைத் தடுப்பது பற்றி. ஆயினும் அந்தத் தடை யாருக்காக என்ற அவருடைய கேள்வி கருக்கலைப்புக்கும் பொருந்தும். பின்னால் வந்த சட்டம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு 1966இல் அறிக்கை தந்தது. அதன் வழியே பிறந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரு மருத்துவர்கள் ஒப்பினால் கலைக்கலாம் என்றது அது. இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால் சட்டம் பாதுகாப்பளித்தது மருத்துவருக்கு. பெண் கேட்டாள் என்பது மட்டும் போதிய காரணம் ஆகவில்லை.

மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரிந்தது. கலைக்க வந்த பெண்ணிடம் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ளவோ காப்பர்-டி போட்டுக்கொள்ளவோ ஒப்புக்கொண்டால்தான் ஆகும் என்று அரசு மருத்துவமனைகள் நிர்பந்தித்ததைத் தமிழக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. ஒப்புதல் படிவமான ‘சி’ படிவத்தில் கணவருக்கென்று இடமே கிடையாது. இருந்தும் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நீடித்தது. களைவெட்டுக் கூலியை விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த ஒரு நாள் தாமதம் ஒரு வாரமாகும், ஒரு மாதமும் ஆகும்.

இதற்குள் ஸ்கேன் கருவி ஊர் ஊராகப் பரவியது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அரியலூர் 2007இல் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் 6 வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள் இருக்க, பெரம்பலூரில் 913, அரியலூரில் 897 பேரே இருந்தனர். அதையொட்டி, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்தது.

அந்த எண்கள் வெட்கப்பட வேண்டியவை. வரதட்சணையும் சொத்து ஆண்வழி போவதும் ஆண்பிள்ளை மோகமும் அவற்றின் வேர். ஆனால் கண்காணிப்பின் பாரம் ஸ்கேன் மையத்தோடு நிற்காமல் கருக்கலைப்பின் மீதே விழுந்தது. 2002இல் கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்து இதை 9 வாரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். ஸ்கேனில் பாலினம் நம்பகமாகத் தெரியவோ ஏறக்குறைய 13, 14 வாரமாவது ஆகும். ஆகவே பெண் கருவைத் தேர்ந்து அழிக்க இந்த மாத்திரை உதவாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. இருந்தும் 2020இல் ஆறு மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், தமிழகத்தில் விசாரித்த மருந்துக்கடைகளில் 100க்கு 2 கடைகளே இதை வைத்திருந்தன. வைக்காததற்குச் சட்டச் சிக்கலையே பல கடைக்காரர்கள் காரணமாகச் சொன்னார்கள். பாதுகாப்பான வழி அடைபட்டால் வாரங்கள் ஓடும், கலைப்பு கடினமாகும், போலி மருத்துவருக்குக் கதவு திறக்கும்.

2021 திருத்தம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்றது. வன்கொடுமைக்கு ஆளானோர், 18 வயது நிறையாதோர் போன்றோருக்கு வரம்பை 24 வாரமாக்கியது. ‘கணவர்’ இருந்த இடத்தில் ‘துணைவர்’ வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தரும்போது, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பிடித்தது. அதன் 88ஆம் பிரிவு பழைய 312ஐ ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண் இன்றும் அந்தப் பிரிவுக்குள்தான் வருகிறாள்.