முற்றத்தில் யார் நிற்கலாம்?

செட்டிநாட்டு வீடுகளையும் அக்கிரகார வீடுகளையும் பற்றி எழுதுகிறவர்கள் முற்றத்தைப் புகழாமல் விடுவதில்லை. காற்று வரும், வெளிச்சம் வரும், மழைநீர் வந்து விழும், கூட்டுக் குடும்பம் அங்கே கூடும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். அங்கே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை மட்டும் எழுதமாட்டார்கள். அதை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்போம். முதலில் திண்ணை, பிறகு ரேழி, அதைக் கடந்தால் முற்றம், அப்பால் சமையல்கட்டு, கடைசியில் கொல்லை. ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்கோடு. வழிப்போக்கருக்குத் திண்ணை, அதுவும் சாதி தெரிந்த பிறகு. உறவினருக்கு முற்றம். அந்த வீட்டு வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, களத்தில் நெல் தூற்றியவர்களுக்குக் கொல்லைப்புறம். எடுப்புக் கக்கூஸ் இருந்த ஊர்களில் மலம் அள்ள வருகிறவர்களுக்கென்றே வீடுகளுக்குப் பின்னால் சந்து விட்டிருந்தார்கள். நம் மக்கள் விளைவித்த நெல் முற்றத்துக்குள் போனது; நம் மக்கள் போக முடியவில்லை.

இதே கணக்கைக் கல்லில் பெரிதாகக் கட்டினால் அது கோயில் பிராகாரம். ஸ்ரீரங்கத்தில் இப்படி ஏழு திருச்சுற்றுகள். எந்தச் சுற்று வரை யார் வரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. நந்தனார் கதையை நினைத்துப் பாருங்கள். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று பார்க்க வசதியாக இறைவன் நந்தியை விலகச் சொன்னாராம். விலகியது நந்திதான், மதில் அப்படியே நின்றது, நந்தனாரும் வெளியேதான் நின்றார். தில்லையில் உள்ளே போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

தீயில் இறங்காமல் உள்ளே போக முயன்றவர்களை நீதிமன்றம் தடுத்தது. 1897இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் நாடார்கள் தோற்றார்கள். வழக்கம் என்ற பெயரில் சாதிக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது.

1930 மார்ச் 2 அன்று நாசிக்கில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் காலாராம் கோயிலை நோக்கி நடந்தார்கள். கோயிலின் வாசல்கள் அடைக்கப்பட்டன. கோயிலுக்குள் போவதால் நம் துயரம் தீர்ந்துவிடாது என்பதை அம்பேத்கர் அன்றே சொன்னார். நம்மை மனிதராக ஏற்பார்களா என்பதே அங்கே எழுந்த கேள்வி. ஆண்டுக்கணக்கில் போராடியும் வாசல் திறக்கவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டோர் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். அது ஆலயப் பிரவேச அங்கீகாரச் சட்டம் மட்டுமல்ல. அனுமதித்தவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றும் சட்டமும்கூட. உள்ளே விட்டதற்கே பாதுகாப்பு தேவைப்பட்டது என்றால், அதுவரை சட்டம் மதிலின் பக்கம் நின்றது என்று பொருள்.

1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றை 15ஆம் பிரிவு பெயர் சொல்லித் திறந்தது. அந்தப் பட்டியலில் வீட்டு முற்றம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களும், கூலி கேட்கப் போகும் நம் ஆண்களும் இன்றும் அவமானப்படுவது அங்கேதான்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் அது ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்றது. முற்றம் அப்படிப்பட்ட இடமா? 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இடம் தனியாருடையதாக இருக்கலாம். வீட்டுக்கு வெளியே உள்ள புல்வெளி, சுற்றுச்சுவருக்கு அப்பால் சாலையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிந்தால், அது பொதுப்பார்வையில் உள்ள இடமே. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாட்கள் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த இழிசொல் இந்தப் பிரிவில் வராது என்றது.

அப்படியானால் சுவரின் உயரம் ஒரு வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. சுவரை எழுப்பியவர்களுக்கே அது அரணாகவும் ஆகிறது. இந்த நிபந்தனையை நாம் தொடர்ந்து கேள்வி கேட்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பதால் அவமானம் சிறியதாகிவிடுமா?

அதுவரை, உண்மையறியப் போகும் தோழர்கள் சிலவற்றை மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் எங்கே நின்றார்? கதவு திறந்திருந்ததா? சுவர் எவ்வளவு உயரம்? தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா? குடும்பத்தாரும் நண்பர்களும் தவிர வேறு யார் இருந்தார்கள்? ஒரு வரைபடமும் போட்டுவிடுங்கள். அடித்தல், பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்குப் பொதுப்பார்வை நிபந்தனை கிடையாது என்பதையும் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நடந்தது, வழக்கு நிற்காது என்று சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.