செஞ்சியைக் கூறும் கல்லும் அதனைப் படிக்கும் பலரும்

திருவரங்கம் பெரிய கோயிலில் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. 1323ஆம் ஆண்டுத் தில்லிப் படையெடுப்பின்போது திருவரங்கத்தை விட்டு எழுந்தருளிய நம்பெருமாள் மீண்டும் தம் ஆஸ்தானத்தை அடைந்த செய்தியை அவை கூறுகின்றன. கோபணார்யர் திருமலையினின்று பெருமாளை எழுந்தருளப் பண்ணி, செஞ்சியிலே சிலகாலம் ஆராதித்து, பகைவரை வென்று, உபய நாச்சிமாரோடு திருவரங்கத்திலே ப்ரதிஷ்டை செய்தார் என்பது திரண்ட பொருள். செஞ்சிச் சீமையில் வல்லத்தில் வாழும் அடியேனுக்கு, அரங்கன் கோயில் கல்லில் செஞ்சி என்ற பெயர் இருப்பதே பெரும்பேறு.

ஆண்டைக் குறிக்கும் சொல் 'பந்துப்ரிய' என்பது. கடபயாதி முறையில் ப மூன்று, து ஒன்பது, ர இரண்டு, ய ஒன்று. கூட்டெழுத்தில் இறுதி மெய்யே எண்ணப்படும். எண்களை வலமிருந்து இடமாக வைக்க, சகாப்தம் 1293, அதாவது கி.பி. 1371-72.

இக்கல்லைப் படிப்பவர் ஒருதிறத்தார் அல்லர். வடகலையார் இதனை ஸ்வாமி தேசிகனின் ஸ்ரீஸூக்தியாகப் போற்றுவர். தென்கலையார்க்கோ இது, பெருமாளோடு புறப்பட்டு ஜ்யோதிஷ்குடியில் திருநாடலங்கரித்த பிள்ளை லோகாசார்யரின் கைங்கர்யம் பலித்ததற்குச் சான்று. எபிகிராபியா இண்டிகாவின் ஆறாம் தொகுதியில் இதனைப் பதிப்பித்த ஹுல்ட்ஷ் போன்ற கல்வெட்டறிஞர்க்கு, விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்தை உறுதிசெய்யும் ஆதாரம். செஞ்சியார்க்கோ, தம் ஊரின் பழம்பெருமை.

இவ்வாறு கருத்தொருமை இல்லாதார் ஒரு பொருளைக் கொண்டு எங்ஙனம் கூடிச் செயலாற்றுகின்றனர் என்பதை இக்கால அறிஞரும் ஆராய்ந்தனர். 1989இல் சூசன் லீ ஸ்டார், ஜேம்ஸ் கிரீஸ்மர் என்னும் இருவர், அமெரிக்காவின் பெர்க்லி நகரத்து விலங்கியல் அருங்காட்சியகத்தின் தொடக்க வரலாற்றை ஆய்ந்தனர். பொறிவைத்து விலங்கு பிடிப்போர், ஆர்வத்தால் சேகரிப்போர், பேராசிரியர் ஆகியோரின் நோக்கம் வெவ்வேறு. ஆயினும் எவ்விடத்தில், எந்நாளில் கிடைத்தது என ஒரே முறையில் எழுதிய குறிப்புகளும் அவ்வுயிர்களின் உடல்களும் அவர்களை இணைத்தன. இத்தகையவற்றுக்கு அவர்கள் இட்ட பெயரை 'எல்லைப் பொருள்' எனலாம். நடுவில் மாறாத உறுதியும், ஓரத்தில் அவரவர் கொள்ளும் பொருளுக்கு இடமும் உடையது அது.

நம் கல்லும் அத்தகையதே. இடமும் ஆண்டும் செய்தவர் பெயரும் மாறா, அவை நடு. இயற்றியவர் பெயரைக் கல் சொல்லவில்லை, அது ஓரம். அவ்விடத்தைச் சம்பிரதாயம் நிரப்புகிறது. அதனைக் கல்லின் வாசகம் என்று சொல்லுவதும் பிழை. கல்லில் இல்லை என்பதால் பொய் என்று தள்ளுவதும் பிழை. பதிப்பிப்போர் இரண்டையும் பிரித்து எழுதினால் போதும். எவரும் தம் விசுவாசத்தை விடவேண்டுவதில்லை.

ஆனால் நடு சிதைந்தால் ஓரமும் இல்லை. திருப்பணியின் பெயரால் சுண்ணாம்பு பூசியும் மணல் வீசித் தேய்த்தும் கோயில்தோறும் எழுத்துகள் அழிவதைக் காண்கிறோம். அழிவது ஒரு கலையாரின் உடைமை அன்று. இரு கலையாரும் ஆராய்ச்சியாளரும் ஊராரும் கூடி நிற்கும் இடம். வியாக்கியானங்களில் வேறுபட்ட நம் பூர்வர்கள் மூலபாடத்தைக் காப்பதில் ஒன்றுபட்டனர். கல்லெழுத்துக்கும் அந்நெறியே கொள்ளத்தக்கது என்பது அடியேனுடைய விண்ணப்பம்.