கசியும் மின்னூட்டம்: டிராம் நினைவகக் கலத்தின் வரலாறு

கணினி நினைவகத்தின் வரலாற்றை வெற்றிடக் குழாய், காந்த வளையம், சிலிக்கான் என்று படிப்படியான ஏற்றமாகச் சொல்வது வழக்கம். ஒரு பிட் எந்தப் பொருளில் எப்படித் தங்குகிறது என்று பார்த்தால் இந்த வரிசை குலைகிறது. இன்றைய கணினிகளின் முதன்மை நினைவகமான டிராமின் கலம், தனக்கு முந்தைய காந்த வளையத்தைவிட, அதற்கும் முந்தைய வில்லியம்ஸ் குழாய்க்கே நெருங்கிய உறவு.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் உருவாக்கிய அந்தக் குழாயில், எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் திரையின் ஒளிர்பொருள் மின்னூட்டம் பெறும். திரையை ஒட்டி வைத்த உலோகத் தகடு அதை உணரும். மின்னூட்டம் நொடிக்குள் கசிந்துவிடும் என்பதால், அதற்குள் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1948 ஜூன் 21 அன்று, நினைவகத்தில் ஏற்றிய நிரலை இயக்கிக் காட்டிய 'பேபி' கணினியின் முதன்மை நினைவகம் இத்தகைய ஒரே குழாய்தான். கொள்ளளவு 1024 பிட்.

1953-இல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே ஃபாரஸ்டர் குழு பொருத்திய ஃபெரைட் வளையங்கள் கசிவுச் சிக்கலைத் தீர்த்தன. வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ காந்தமேறிய வளையம், மின்சாரம் நின்றாலும் தன் நிலையை விடாது. ஆனால் படிக்கும்போது அந்த நிலை அழியும். உடனே திரும்ப எழுதியாக வேண்டும்.

ஐ.பி.எம். ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டு 1966-இல் சிந்தித்தது இந்தப் பின்னணியில்தான். அப்போது சிலிக்கானில் ஒரு பிட்டைத் தக்கவைக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. அவர் ஒரே டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்றார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. டிரான்சிஸ்டர் அதற்குக் கதவு. கசிவைத் தடுக்க அவர் முயலவில்லை, கசியட்டும் என்று விட்டு, புதுப்பித்தலை ஏற்றுக்கொண்டார். நினைவக வரலாற்றில் ஆகத் துணிவான முடிவு இதுவே என்பேன். காப்புரிமை 1968-இல் கிடைத்தது. ஆனால் 1970-இல் வெளிவந்த இன்டெல் 1103 சில்லு கலத்துக்கு மூன்று டிரான்சிஸ்டர்களையே பயன்படுத்தியது. 4 கிலோபிட் தலைமுறையில்தான் டென்னார்டின் கலம் சந்தைக்கு வந்தது.

அந்தக் கலத்தைப் படிப்பது நுட்பமான வேலை. பல கலங்களுக்குப் பொதுவான நீண்ட பிட் கம்பியை முதலில் பாதி மின்னழுத்தத்தில் நிறுத்துவார்கள். டிரான்சிஸ்டர் திறந்ததும் மின்தேக்கியின் மின்னூட்டம் கம்பியோடு பகிரப்படுகிறது. கம்பியின் கொண்மம் பல மடங்கு பெரிது என்பதால் அதன் மின்னழுத்தம் சிறிதளவே ஏறும் அல்லது இறங்கும். உணர்பெருக்கி அந்த அசைவைப் பெருக்கி, கலத்துக்கே திருப்பி எழுதுகிறது. படித்தால் அழிவது காந்த வளையத்தின் குணம். விட்டால் கசிவது வில்லியம்ஸ் குழாயின் குணம். டிராமில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கலங்களின் ஒரு வரிசையைப் படித்தாலே அது புதுப்பிக்கப்பட்டுவிடும். நெடுங்காலம் நிலவிய வழக்கப்படி, ஒவ்வொரு வரிசைக்கும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை இது நடந்தாக வேண்டியிருந்தது.

மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக முடியாது என்பதற்கு 1978-இல் ஒரு சான்று கிடைத்தது. இன்டெல்லின் திமதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சில்லின் உறையில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்பா துகள்கள் பிட்களைப் புரட்டிவிடுவதைக் காட்டினர். உறைப்பொருளைத் தூய்மையாக்கினார்கள், ஆனாலும் மின்தேக்கிக்கு ஒரு குறைந்தபட்ச அளவு தேவை என்பது உறுதியாயிற்று. 25 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியில் 1 வோல்ட் என்றால், ஒரு பிட் என்பது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எலக்ட்ரான்கள். கலத்தின் பரப்பு சுருங்கச் சுருங்க இந்த அளவைக் காக்க மேலேயோ கீழேயோ போவதைத் தவிர வேறு வழியில்லை. ஹிட்டாச்சியின் மிட்சுமாசா கோயனாகி மின்தேக்கியை டிரான்சிஸ்டருக்கு மேலே அடுக்கினார். அதே நிறுவனத்தின் ஹிடெயோ சுனாமி சிலிக்கானில் பள்ளம் தோண்டி உள்ளே இறக்கினார். நிலைத்தது அடுக்கு முறை. இன்றைய டிராமில் மின்தேக்கி, அகலத்தைப் போலப் பல மடங்கு உயரமுள்ள மெல்லிய உருளையாக நிற்கிறது.