நவநீதம் பிள்ளை

நவநீதம் பிள்ளை (நவி பிள்ளை, பிறப்பு: செப்டம்பர் 23, 1941) தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த, தமிழ் வம்சாவளி வழக்கறிஞரும் நீதிபதியும் ஆவார். இவர் 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைகளுக்கான உயர் ஆணையராகப் பணியாற்றினார்.

வழக்கறிஞர் பணி

டர்பன் நகரில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த இவர், உள்ளூர் இந்தியச் சமூகத்தினர் அளித்த நன்கொடையின் உதவியுடன் நேட்டால் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அங்கு இவ்வாறு தொழில் நடத்தியது அதுவே முதன்முறை. நெல்சன் மண்டேலா உள்ளிட்ட ராபன் தீவுக் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973-இல் நீதிமன்றத்தின் வழியாகப் பெற்றுத் தந்தார். எனினும், நிறவெறிச் சட்டங்களின் காரணமாக நீதிபதியின் அறைக்குள் நுழைய இவருக்கு அனுமதி இல்லை. 1995-இல் உயர் நீதிமன்றத்தின் தற்காலிக நீதிபதியானபோதுதான் இவர் அத்தகைய அறைக்குள் முதன்முதலாகச் சென்றார். அது இவருடைய அறையாகவே இருந்தது.

அக்காயேசு தீர்ப்பு

1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் இவர் எட்டாண்டுகள் நீதிபதியாகவும், அவற்றுள் நான்காண்டுகள் தலைவராகவும் இருந்தார். டாபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான் பால் அக்காயேசு மீதான வழக்கை விசாரித்த மூவரில் இவர் ஒருவரே பெண். தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேறு குற்றங்களுக்குச் சாட்சி கூற வந்த ஒரு தாய், தம் சிறு மகளுக்கு நேர்ந்ததை விசாரணையின் நடுவே கூறினார். நீதிபதிகள் அதனை ஒதுக்கிவிடாமல் மேலும் கேட்டறிந்தனர். பின்னர், 1997 சூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலையே என செப்டம்பர் 2, 1998 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது. இனப்படுகொலைக் குற்றத்திற்காகப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று ஒருவரைத் தண்டித்ததும் இதுவே முதன்முறை. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை 1948-இலேயே ஏற்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கையும் பிற்காலப் பணிகளும்

2003 முதல் 2008 வரை பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். உயர் ஆணையரானபின், 2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தவுடன் சுதந்திரமான பன்னாட்டு விசாரணையை வலியுறுத்தினார். ஆனால் மனித உரிமைகள் பேரவை அப்போது இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தையே நிறைவேற்றியது. 2013 ஆகத்தில் முல்லைத்தீவு உள்ளிட்ட பகுதிகளுக்கு நேரில் சென்றார். இவர் தமிழர் என்பதைக் காட்டி இலங்கையில் சிலர் இவரது நடுநிலையை ஐயுற்றனர். இவரோ அப்பயணத்தின் முடிவில் விடுதலைப் புலிகளின் குற்றங்களையும் வெளிப்படையாகக் கண்டித்தார். விசாரணைக்கு ஆணையிடும் தீர்மானம் 2014 மார்ச்சில்தான் நிறைவேறியது. அதன் அறிக்கை 2015 செப்டம்பரில், இவர் பதவி விலகிய பிறகு வெளிவந்தது.

2021 முதல் 2025 வரை பாலத்தீனப் பகுதிகளுக்கும் இசுரேலுக்குமான ஐ.நா. விசாரணை ஆணையத்திற்குத் தலைமை வகித்தார்.