சுதந்திரக் கலைஞனும் அச்சுப்பொறியும்: வில்லியம் பிளேக் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலைஞனின் சுதந்திரத்தை அவனது மனப்பாங்கு சார்ந்த ஒன்றாக மட்டும் கருதும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எவருக்கும் தலைவணங்காதவன், எவரது கட்டளைக்கும் எழுதாதவன், வறுமையைப் பொருட்படுத்தாதவன் என்ற அளவிலேயே சுதந்திரக் கலைஞன் பற்றிய எமது எண்ணம் நின்றுவிடுகின்றது. ஆயின் ஒரு கலைஞன் எதனைக் கொண்டு ஆக்கினான், அக்கருவிகள் எவருடையவை, ஆக்கியதை எவ்வழியில் எவரிடம் கொண்டு சேர்த்தான், அவனது அன்றாட உணவு எங்கிருந்து வந்தது ஆகிய வினாக்களை எழுப்பாது அவனது சுதந்திரத்தின் இயல்பை வரலாற்று மாணவர் மதிப்பிட முடியாது. கவிஞராகவும் ஓவியராகவும் செதுக்கோவியராகவும் அச்சாளராகவும் தம் நூல்களுக்குத் தாமே வெளியீட்டாளராகவும் விளங்கிய வில்லியம் பிளேக்கின் (1757–1827) வாழ்க்கை இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். ஆக்கத்திற்கான கருவியைக் கையகப்படுத்துவதில் பிளேக் வெற்றி கண்டார்; ஆக்கத்தை மக்களிடம் சேர்க்கும் வழியைக் கையகப்படுத்த அவரால் இயலவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முரண்பாடே அவரது வரலாறு என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவினைஞர் குலத்திலிருந்து

இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில், காலுறை முதலியவற்றை விற்கும் சிறு வணிகர் ஒருவரின் மகனாக 1757ஆம் ஆண்டு பிளேக் பிறந்தார். பத்து வயதளவில் சித்திரப் பள்ளி ஒன்றிற்கு அனுப்பப்பட்ட அவர், 1772இல் ஜேம்ஸ் பசயர் என்னும் செதுக்கோவியரிடம் ஏழாண்டுப் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். இதற்காகத் தந்தையார் செலுத்திய கட்டணம் 52 பவுண் 10 சிலிங் ஆகும். ஓவியக் கலைஞராவதற்கான செலவைத் தாங்கவியலாத குடும்பங்கள் பிள்ளைகளைச் செதுக்கோவியத் தொழிலிற் சேர்ப்பது அக்காலத்தில் இயல்பாயிருந்தது.

செதுக்கோவியத் தொழிலின் நிலையை இவ்விடத்து விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். நிழற்படம் தோன்றாத அந்நாளில் ஓர் ஓவியத்தைப் பலரும் காண வேண்டுமாயின், அதனைச் செப்புத் தகட்டிற் செதுக்கி மையூட்டித் தாளிற் பதிப்பதே வழியாயிருந்தது. எனவே செதுக்கோவியரின்றி நூல்வணிகமோ ஓவியரின் புகழோ பரவுதல் அரிது. எனினும் பிறர் வரைந்ததைப் பிரதிபண்ணும் தொழிலாளராகவே அவர்கள் கருதப்பட்டனர். 1768இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமி, தொடக்க காலத்தில் செதுக்கோவியரை முழு உறுப்பினராக ஏற்க மறுத்து, துணை உறுப்பினர் என்ற தாழ்ந்த படிநிலையையே அவர்களுக்கு வழங்கியது. 1779இல் அந்நிறுவனத்தின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்த பிளேக், அதன் தலைவர் ஜோசுவா ரெனோல்ட்ஸின் கலைக் கோட்பாடுகளைப் பிற்காலத்தில் அவரது நூலின் ஓரங்களிலேயே கடுஞ்சினத்துடன் மறுத்தெழுதினார். அச்சினத்தை அழகியற் கருத்து வேறுபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. கற்பிப்பவனுக்கும் கைவேலை செய்பவனுக்கும் இடையே நிறுவனம் எழுப்பிய சுவருக்கெதிரான ஒரு கைவினைஞனின் குரலும் அதனுள் ஒலிக்கின்றது.

கருவி கைவந்த கதை

பிளேக்கின் முதற் கவிதைத் தொகுதி நண்பர் சிலரின் உதவியால் 1783இல் அச்சிடப்பட்டதெனினும், முறையாக விற்பனைக்கு வரவில்லை. 1784இல் நண்பரொருவருடன் கூட்டாக அவர் தொடங்கிய படக்கடையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1787இல் அவரது அன்புக்குரிய தம்பி ரொபேட் காலமானார். இறந்த தம்பி காட்சியில் தோன்றிப் புதிய அச்சுமுறையொன்றை அறிவுறுத்தியதாகப் பிளேக் பின்னாளிற் கூறியுள்ளார். இக்கூற்றை நாம் எவ்வாறு கொள்ளினும், 1788 அளவில் அவர் கண்ட முறை தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு மெய்யான புத்தாக்கம் என்பதில் ஐயமில்லை.

அம்முறை பின்வருமாறு அமைந்தது. வழக்கமான செதுக்கோவியத்தில் கோடுகள் தகட்டினுள் பள்ளமாக வெட்டப்படும். பிளேக்கோ அமிலம் தாக்காத ஒருவகை மெருகுநீர்மத்தைக் கொண்டு, எழுத்தையும் சித்திரத்தையும் செப்புத் தகட்டின்மேல் நேரடியாகத் தீட்டினார். பதிக்கும்போது நேராக வருவதற்காக எழுத்துகள் அனைத்தையும் இடவலம் மாற்றியே எழுத வேண்டியிருந்தது. பின்னர் அமிலம் ஏனைய பகுதிகளை அரித்துவிட, எழுதியவையும் வரைந்தவையும் மேடாக எஞ்சின. அவற்றில் மையூட்டித் தாளிற் பதித்த பின்பு ஒவ்வொரு பக்கத்திற்கும் கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டது. ஆகவே ஒரு நூலின் ஒரு பிரதி மற்றதைப் போல அமைவதில்லை.

இதன் சமூகப் பொருள் யாது? அக்கால நூலுற்பத்தியில் எழுதுபவர், படம் வரைபவர், செதுக்குபவர், எழுத்துக் கோப்பவர், அச்சிடுபவர், விற்பவர் என வேலை பல கூறுகளாகப் பிரிந்திருந்தது. கைத்தொழிற் புரட்சி வேலைப் பிரிவினையை விரைவுபடுத்திய அதே காலகட்டத்தில், பிரிந்துபோன வேலைகள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ், ஏறத்தாழ ஒரே கரத்தினுள் மீண்டும் இணைக்கப் பிளேக் முயன்றார். சொல்லும் சித்திரமும் ஒரே தகட்டில் ஒரே வேளையிற் பிறந்தன. அவர் தம் பாடல்களுக்குத் தாமே மெட்டமைத்து நண்பரிடையே பாடியதாகவும் அவரை அறிந்தோர் குறித்துள்ளனர். அம்மெட்டுகள் இன்று எமக்குக் கிடைத்தில. 1789இல் வெளிவந்த ‘மாசின்மைப் பாடல்கள்’, 1794இல் அதனுடன் இணைக்கப்பட்ட ‘அனுபவப் பாடல்கள்’ ஆகியன இம்முறையின் சிறந்த விளைவுகளாகும்.

1793இன் அறிவித்தல்

1793ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் தேதி பொதுமக்களை விளித்துப் பிளேக் வெளியிட்ட அறிவித்தல், கலைஞரின் பொருளியல் வரலாற்றில் ஒரு முக்கிய ஆவணமாகும். கலைஞனும் கவிஞனும் இசைவாணனும் வறுமையிலும் இருளிலும் உழல்வது பொதுமக்களின் குற்றமன்று என்றும், தம் ஆக்கங்களைப் பரப்புவதற்கான சாதனம் அவர்களிடம் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் அதில் வாதிட்டார். ஷேக்ஸ்பியரும் மில்டனும்கூடத் தம் நூல்களைத் தாமே வெளியிடும் ஆற்றலற்றிருந்தனர் என எடுத்துக்காட்டி, தாம் கண்ட முறை அச்செலவை நாலிலொரு பங்கிற்கும் குறைவாக்கும் எனவும் கூறினார். முன்பணமாகச் சந்தா எதுவும் கேட்கப்படமாட்டாது என்ற உறுதிமொழியும் அதில் அடங்கியிருந்தது.

இவ்வாதத்தின் வலிமையும் குறைபாடும் ஒருங்கே நோக்கற்பாலன. உற்பத்திச் சாதனம் எவர் கையில் என்பதே கலைஞனின் நிலையைத் தீர்மானிக்கின்றது எனக் கண்டமை அவரது நுண்ணறிவைக் காட்டுகின்றது. ஆயின் அச்சாதனம் கைவந்தவுடன் வாசகரும் வந்துவிடுவர் என அவர் நம்பினார். அவ்வறிவித்தலில் ‘மாசின்மைப் பாடல்க’ளின் விலை 5 சிலிங், ‘அமெரிக்கா’ என்னும் நூலின் விலை 10 சிலிங் 6 பென்ஸ். 5 சிலிங் என்பது அன்றைய ஆங்கில விவசாயக் கூலியாளர் ஒருவரின் வார வருமானத்திற் பாதிக்கும் மேற்பட்ட தொகையாகும். இதற்கு முந்திய ஆண்டிலேதான் தோமஸ் பெயினின் ‘மனித உரிமைகள்’ 6 பென்ஸ் விலையுள்ள மலிவுப் பதிப்பாக வெளிவந்து பெருந்தொகையான உழைப்பாளரைச் சென்றடைந்தது. புகைபோக்கி துப்புரவாக்கும் சிறுவரின் துயரைப் பாடிய பிளேக்கின் நூலை அச்சிறுவரின் பெற்றோர் வாங்கியிருக்க இயலாது. கையால் வண்ணந்தீட்டப்பெற்ற ஒவ்வொரு பிரதியும் தனியழகு பெற்றது. அதே காரணத்தாற் பிரதிகளின் தொகை சுருங்கியது. 1818இல் அவர் எழுதிய கடிதமொன்றின்படி 5 சிலிங் நூலின் விலை 3 பவுண் 3 சிலிங் ஆக, அதாவது பன்னிரண்டு மடங்கிற்கும் மேலாக உயர்ந்திருந்தது. மக்களுக்கெனத் தொடங்கிய முறை சேகரிப்பாளருக்கு உரியதாயிற்று.

சுதந்திரத்தைத் தாங்கிய கரங்கள்

இந்நூல்களால் பிளேக்கின் வாழ்க்கை நடைபெறவில்லை. பிறருக்காகச் செய்த செதுக்கோவிய வேலையும் புரவலர் சிலரின் ஆதரவுமே அவரைத் தாங்கின. யங் என்பவரின் ‘இரவுச் சிந்தனைகள்’ என்ற நெடும்பாடலுக்கு அவர் வரைந்த 537 நீர்வண்ணச் சித்திரங்களுக்குக் கிடைத்த ஊதியம் 21 பவுண் மட்டுமே. 1797இல் வெளிவந்த அப்பதிப்பு வணிகரீதியிலும் தோல்வியுற்றது. கூலிவேலை அனைத்தும் கலைக்குத் தளையாகவே இருந்தது எனவும் கூறிவிட முடியாது. சூரினாம் நாட்டு அடிமைகள் அனுபவித்த கொடுமைகளை விவரிக்கும் ஸ்டெட்மன் என்பவரின் நூலுக்காக (1796) அவர் செதுக்கிய படங்களையும், அதே காலத்தில் அவர் தாமே ஆக்கிய நூல்களில் ஒலிக்கும் அடிமைமுறை எதிர்ப்பையும் பிரித்து நோக்குதல் கடினம். பிறருக்காகத் தகட்டிற் செதுக்கிய துன்பம் அவரது சொந்தச் சிந்தனையிலும் பதிந்தது.

இவ்வரலாற்றிற் பெரும்பாலும் ஓரமாகவே குறிப்பிடப்படும் மற்றொரு கரம் மனைவி கத்தரினுடையதாகும். 1782இல் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாது குறியிட்ட அப்பெண்மணி, பின்னர் கணவரிடம் எழுத்தறிவு பெற்றதுடன், அச்சுப்பொறியில் உடனுழைத்தார். பக்கங்களுக்கு வண்ணமும் தீட்டினார். கணவரின் மறைவுக்குப் பின் 1831இல் தாம் இறக்கும்வரை அவரது படைப்புகளைப் பாதுகாத்து விற்றவரும் அவரே. தனியொருவரின் சாதனை எனப் போற்றப்படும் நூல்கள் உண்மையில் ஒரு குடும்பப் பட்டறையின் உற்பத்திகள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

புரவலர் ஆதரவும் விலையின்றிக் கிடைக்கவில்லை. 1800இல் ஹேய்லி என்னும் கவிஞரின் அழைப்பை ஏற்று பெல்பம் கிராமத்திற் குடியேறிய பிளேக், அவர் சுமத்திய சில்லறை வேலைகளால் மனம் நொந்து 1803இல் இலண்டன் மீண்டார். பெல்பம் கிராமத்தில் போர்வீரன் ஒருவனுடன் நேர்ந்திருந்த தகராறின் விளைவாக அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, 1804இல் விடுதலை பெற்றார். பின்னர் குரோமெக் என்னும் வெளியீட்டாளர் பிளேயரின் ‘கல்லறை’ என்னும் கவிதைக்காக அவரிடம் சித்திரங்களை வாங்கி, இலாபம் தரும் செதுக்கு வேலையை வேறொருவருக்கு வழங்கினார். தம் சித்திரங்களையே செதுக்கும் உரிமை மறுக்கப்பட்டமை, தகடு தம் கையிலிருந்தும் சந்தை பிறர் கையில் என்பதைப் பிளேக்கிற்கு உணர்த்தியிருத்தல் வேண்டும்.

1809இன் கண்காட்சி

இந்நிலையிலேயே அவர் மக்களை நேரிற் சந்திக்க முனைந்தார். 1809 மே மாதத்தில், தாம் பிறந்த வீட்டில் தமையனார் நடத்திய கடையின் மேல்மாடியில், தம் 16 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். நுழைவுக் கட்டணம் 2 சிலிங் 6 பென்ஸ். அதனுள் ‘விளக்கப் பட்டியல்’ என்ற நூலின் விலையும் அடங்கும். ஒவ்வொரு படமும் எவ்வாறு தோன்றியது, எம்முறையில் தீட்டப்பட்டது, எதனாற் பிறரின் முறை தவறானது என்பனவற்றை அவர் அதில் விரித்துரைத்தார். தம் ஆக்க முயற்சிகளையும் அவற்றின் ஊற்றுக்களையும் கலைஞனே பார்வையாளருடன் பகிர்ந்துகொண்ட ஆவணம் என்ற வகையில் அது தனிச்சிறப்புடையது.

அப்பட்டியலில் எமக்கு அணுக்கமான செய்தியொன்றும் உண்டு. கண்காட்சியின் பத்தாம் படம் ‘பிராமணர்’ எனப் பெயர் பெற்றது. சார்ல்ஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை மொழிபெயர்ப்பதே அதன் பொருள். 1785இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, இந்தியாவிற்குச் சென்றறியாத ஓர் இலண்டன் கைவினைஞரின் கற்பனையைத் தூண்டியிருந்தது. அப்படம் இன்று இல்லை. பட்டியலில் உள்ள விளக்கமே எஞ்சியுள்ளது.

கண்காட்சிக்கு வந்தோர் மிகச் சிலர். ‘எக்ஸாமினர்’ இதழில் ரொபேட் ஹன்ட் எழுதிய மதிப்புரை பிளேக்கைச் சித்தம் பேதலித்தவராகச் சித்திரித்தது. நிறுவனத்திற்கு வெளியே நின்று தன் கலையைத் தானே விளக்க முற்படுபவனுக்குச் சமூகம் வழங்கிய பெயர் பித்தன் என்பதாயிற்று.

முடிவாக

இறுதிக் காலத்தில் ஜோன் லின்னல் என்ற இளம் ஓவியரின் ஆதரவால் யோபுவின் கதைக்கான செதுக்கோவியங்களும், தாந்தேயின் காவியத்திற்கான 102 சித்திரங்களும் உருவாயின. எனினும் 100 தகடுகளைக் கொண்ட ‘ஜெரூசலம்’ நூலில் முழுமையாக வண்ணந்தீட்டப்பெற்ற பிரதி ஒன்றே. அதற்கும் வாங்குபவர் கிடைப்பது அரிது என 1827இல் அவரே எழுதினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் தேதி காலமான அவரது உடல் பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டது. 1863இல் கில்கிறிஸ்டின் வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே பரந்த வாசகர் அவரை அறிந்தனர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் தம் கட்டுரைகளில் அவரை எடுத்தாண்டுள்ளார். குமாரசுவாமி 1908இல் தம் மேற்பார்வையிற் கையச்சுப்பொறியில் அச்சிட்டு முடித்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலும் 425 பிரதிகளையே கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டின் பின்னரும் அழகிய கையச்சின் எல்லை விரியவில்லை.

பிளேக் தோற்றார் எனக் கூறுவது எளிது. அது முழுமையான தீர்ப்பாகாது. எவரது தணிக்கைக்கும் உட்படாது, சொல்லும் வண்ணமும் பிரியாத நூல்களை அவர் ஆக்க முடிந்தமைக்கு அச்சுப்பொறி அவர் வீட்டில் இருந்தமையே காரணம். அவை அவரது காலத்து மக்களைச் சென்றடையாமைக்கு அச்சுப்பொறி மட்டுமே அவரிடம் இருந்தமை காரணம். பெயினின் நூலைப் பரப்பிய சங்கங்கள் போன்ற ஒரு வாசகர் திரள் அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. எனவே கலைஞனின் சுதந்திரத்தை அளவிடுவோர் அவனது நெஞ்சுரத்தை மட்டும் அளந்து நிறுத்தலாகாது. அவனைத் தாங்கிய கரங்கள் எவை, அவனது குரல் எட்டிய தூரம் எவ்வளவு என்பனவும் அவ்வளவையில் அடங்குதல் வேண்டும். கருவியைக் கலைஞன் தனித்து நின்று பெறலாம். மக்களைப் பெறுவதற்கு மக்களும் உடனிருத்தல் அவசியமாகும்.